குண்டு வெடித்த பிறகு: பாதுகாப்பு பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து இத்தனை வருடமாகியும் எங்கள் சனசமூக நிலையத்து வாங்கில் அந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. நான் குடியியற் கல்வி படிப்பிப்பவன் என்பதால் சட்டம், அரசு என்று வருகிற சந்தேகமெல்லாம் என் தலையில்தான் விழும். ஒரே கேள்விக்கு நாலு தரம் வாயால் பதில் சொல்வதை விட ஒரு தரம் எழுதி வைப்பது சுகம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் பேப்பர் பார்க்க வருபவர்களும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் கேட்டவை. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

அன்று நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2019 ஏப்ரல் 21, ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்கள். பிறகு தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். வெடிக்க வைத்தவர்கள் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமின் தேசிய தௌஹீத் ஜமாஅத் குழுவினர். இறந்தவர்கள் 250 பேருக்கு மேல். முதலில் 359 என்று சொல்லி, பிறகு எண்ணியதில் பிழை வந்துவிட்டது என்று குறைத்தார்கள்.

இந்தியாவில் ஒரு குண்டு வெடித்தால் ‘மாநில அரசு பாதுகாப்பைப் பலப்படுத்தியது’ என்று செய்தி வருகிறது. எங்கள் மாகாண சபை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். பதில் இரண்டு துண்டு.

முதலாவது, அந்த ஏப்ரலில் வடக்கில் மாகாண சபையே இல்லை. 2013இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. ஆளுநர் மட்டும் இருந்தார்.

இரண்டாவது, சபை இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது. மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, மாகாணப் பிரிவு எல்லாம் வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். நடைமுறைக்குத்தான் வரவில்லை. எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் கட்டளை கொழும்பிலிருந்து வருகிறது. ஆமிக்கும் அதே கதைதான். ஆகவே இங்கே ‘அரசு பாதுகாப்பைப் பலப்படுத்தியது’ என்றால் மத்திய அரசு என்றே வாசிக்க வேண்டும். இந்தியாவில் பொது ஒழுங்கும் பொலிஸும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. இதைச் சோதனைக்கு வினாவாகக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் மாற்றி எழுதுவார்கள். பெரியவர்கள் கதைக்கும்போதும் அதே பிழை வருகிறது.

அப்படியானால் ஒரு மாநில அரசு உண்மையில் என்ன செய்யும்?

இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் வந்து தாக்கினார்கள். 166 பேர் இறந்தார்கள். மகாராஷ்டிராப் பொலிஸிடம் அந்த மாதிரிச் சண்டைக்குப் பழக்கப்பட்ட படை இருக்கவில்லை. தேசியப் பாதுகாப்புப் படைக் கமாண்டோக்கள் தில்லிக்குப் பக்கத்து மானேசரிலிருந்து வந்து சேர மணித்தியாலக் கணக்கில் சென்றது. பிறகு மாநில அரசு ராம் பிரதான் தலைமையில் விசாரணைக் குழு போட்டது, ‘ஃபோர்ஸ் ஒன்’ என்று தனக்கென ஒரு கமாண்டோப் படையைக் கட்டியது. முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் உள்துறையை வைத்திருந்த ஆர்.ஆர். பாட்டீலும் பதவி விலகினார்கள். மத்திய அரசு தன் பங்குக்கு என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமையை உருவாக்கி, கமாண்டோக்களை மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களிலும் நிறுத்தியது.

மற்றது கோயம்புத்தூர். 1998இல் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்த நகரம். 2022 ஒக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், உக்கடம் ஈஸ்வரன் கோயிலடியில் ஒரு கார் வெடித்தது. மூன்றாம் நாள் முதலமைச்சர் ஸ்டாலின் வழக்கை என்.ஐ.ஏ.யிடம் கொடுக்கப் பரிந்துரைத்தார். கூடவே கோவையில் புதிய பொலிஸ் நிலையங்கள், கண்காணிப்புக் கமராக்கள், உளவு வேலைக்குக் கூடுதல் ஆட்கள் என்று அறிவித்தார். 2023இல் பயங்கரவாதத் தடுப்புக்கென்றே பொலிஸில் தனிப் பிரிவு ஒன்று அமைக்க உத்தரவு வந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. படை, கமரா, வாகனம் எல்லாம் காசு இருந்தால் வரும். கோவையின் கரும்புக்கடையில் ஒரு பொலிஸ் நிலையம் திறந்தால் அங்கே இருக்கிறவருக்கு அந்தத் தெருவின் பாஷை தெரியும், எந்த வீட்டில் புதிதாக ஆள் வந்தது என்று தெரியும். எங்கள் பக்கம் வாருங்கள். முறைப்பாடு கொடுக்கப் போனால் நாங்கள் தமிழில் சொல்ல, எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுத, கடைசியில் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிற அனுபவம் இன்னும் பலருக்கு இருக்கிறது. இப்படி இருக்கும்போது ஊரில் நடக்கிற சங்கதியை யார் போய்ச் சொல்வார்?

இலங்கையில் முதல் வாரங்களில் என்னென்ன செய்தார்கள்?

அன்று மாலையே ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். மறுநாள் நள்ளிரவு முதல் அவசரகாலச் சட்டம். ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடத் தடை. சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்குத் தடை. 39 நாட்டவர்களுக்கு வந்திறங்கியதும் விசா கொடுக்கும் திட்டம் நிறுத்தம். பாடசாலைகள் மே 6 அன்றுதான் திறந்தன, அதுவும் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும்தான். நிறுத்திவிட்டுப் போகிற வாகனத்தின் முன் கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் அந்தக் கடதாசி இரண்டு மாரி கழிந்தும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தியா முன்கூட்டியே சொல்லியதாமே? பிறகு ஏன் தடுக்கவில்லை?

சொன்னது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்விடமிருந்து தகவல் வந்தது, சஹ்ரானின் பெயரோடு. அது அரச புலனாய்வுச் சேவையிலிருந்து கடிதமாகக் கிளம்பி, மேசை மேசையாக ஏறி, 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையெழுத்தோடு முக்கியஸ்தர்களின் பாதுகாப்பைப் பார்க்கிற பிரிவுகளுக்குப் போனது. தேவாலயங்களுக்குப் போகவில்லை. பூசை வைக்கிற குருவானவருக்கு ஒரு போன் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மேலே என்ன நிலைமை? 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் முகம் கொடுத்துக் கதைக்காத காலம். பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குத் தன்னை அழைப்பதே இல்லை என்று பிரதமர் சொன்னார். குண்டு வெடித்தபோது ஜனாதிபதி சிங்கப்பூரில்.

இந்தியக் கடிதம் வராவிட்டாலும் தடயம் குறைவில்லை. 2017இல் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு சஹ்ரான் தேடப்பட்ட ஆள். அவரைப் பற்றி அவருடைய ஊர் முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையைப் பிடித்துக்கொண்டு போய் 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் வெடிமருந்தைக் கண்டெடுத்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வவுணதீவுக் கதையும் இதோடு சேர்ந்ததா?

சேர்ந்ததுதான். எனக்கு மிகவும் உறுத்துவதும் அதுதான். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். புலிகளின் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் முடிந்து மூன்று நாள். வேறு யோசனையே இல்லை: முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஏப்ரலில் குண்டு வெடித்த பிறகுதான் அந்தக் கொலையும் சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்று தெரியவந்தது. மனிதர் மே மாதம் விடுதலையானார்.

ஐந்து மாதம் உள்ளே இருந்தவருக்கு அநியாயம் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்த ஐந்து மாதமும் உண்மையான கொலைகாரர்களை யாரும் தேடவில்லை. ‘வடக்குக் கிழக்கில் சூடு கேட்டால் புலி’ என்ற பழைய கணக்கு அவர்களுக்குக் குடை பிடித்துவிட்டது. பாதுகாப்புப் பலப்படுத்தல் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் வவுணதீவில்தான் தொடங்குவேன்.

சந்திக்குச் சந்தி சென்றி போட்டால் குண்டு வராதுதானே?

இதைக் கேட்ட பெடியனுக்குப் பதினாறு வயது. எங்கள் வயதுக்காரர் யாரும் கேட்கமாட்டார்கள்.

சென்றிக்கு, அதாவது வீதிக் காவலரணுக்கு, பயன் இல்லை என்று சொல்லவில்லை. ஏ9 வீதியில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, சாமான் பைகளைத் திறந்தால், வெடிமருந்தைக் கொண்டுபோகிறவனுக்குச் சிரமம்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே அவன் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவனாகத் தெரிந்தால்? ஷங்ரி-லாவுக்குள் போனவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரித்தான் போனார்கள்.

எங்களுக்கு யுத்த கால ஞாபகம் ஒன்றும் உண்டு. சுற்றிவளைப்பு நடக்கும். ஆம்பிளைகளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்துவார்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டி இருப்பான். அவன் தலையை ஆட்டினால் எழும்பிப் போக வேண்டியதுதான். பயத்தில் ஆட்டினானோ, பழைய காணிச் சண்டைக்கு ஆட்டினானோ, யாருக்குத் தெரியும்? அப்படி வந்த ‘தகவல்’ எத்தனை உண்மையைச் சொல்லியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஒருவன் விரும்பி வந்து சொல்கிற தகவலைத்தான் நம்பலாம், அதற்கு அவன் கேட்கிறவரை முதலில் நம்ப வேண்டும்.

கோயில்களிலும் தேவாலயங்களிலும் என்ன மாறியது?

கத்தோலிக்கக் கோவில்களில் சில ஞாயிறுகள் பூசை இல்லை. கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தொலைக்காட்சியில் வைத்த பூசையை வீடுகளில் பார்த்தார்கள். திரும்பத் தொடங்கியபோது வாசலில் பொலிஸ், உள்ளே பை கொண்டுபோகத் தடை, பங்கு இளைஞர்கள் முறைபோட்டுக் காவல். அந்த வருட நல்லூர்த் திருவிழாவிலும் வீதிக்குள் போக வரிசையில் நின்று உடல் சோதனை கொடுத்தோம். காவடி எடுப்பவர்களையும் அங்கப்பிரதட்சணக்காரரையும் எப்படிச் சோதிப்பது என்று ஒரு பொலிஸ்காரர் குழம்பி நின்றதைக் கண்டேன். ஈர வேட்டியோடு நிற்பவரிடம் எதைத் தடவுவது?

சீயோன் தேவாலயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரிய பையோடு வந்த தெரியாத ஆளை முற்றத்தில் நின்ற சபையைச் சேர்ந்த ஒருவர் மறித்து விசாரித்தார், உள்ளே விடவில்லை. குண்டு வெளியே வெடித்தது. அவரும், சிறுவர்கள் உட்படப் பலரும் இறந்தார்கள். மண்டபத்துக்குள் வெடித்திருந்தால் இறந்தவர்களை எண்ணி முடித்திருக்க முடியாது. அவர் கையில் துவக்கும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. தன் சபை ஆட்களின் முகம் தெரியும், அவ்வளவுதான்.

யாரையாவது பிடித்தால் சட்டம் என்ன சொல்கிறது?

சாதாரணக் கைது என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு. 1979இன் 48ஆம் இலக்கச் சட்டம் அது. பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருந்தது, 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அமைச்சரின் உத்தரவு இருந்தால் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். முன்பு உச்சம் 18 மாதம், 2022 திருத்தத்தில் 12 மாதமாகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த வாக்குமூலத்தை எதிராகவே பாவிக்கலாம் என்ற பகுதிதான் எங்கள் பிள்ளைகள் பலரின் வாழ்க்கையைத் தின்றது.

அவசரத்துக்கு: பிடித்தவரின் பெயர், எந்த நிலையம் என்று கேளுங்கள். இந்தச் சட்டத்தில் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, போன் 1996. பெண்களை பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதையாக.

யாழ் பல்கலைக்கழகத்தில் பிடித்தது எதற்கு?

2019 மே 3 அன்று படையினர் வளாகத்தைத் தேடினார்கள். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் படமும் வேறு சில பொருட்களும் கிடைத்ததாகச் சொல்லி மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் இதே சட்டத்தில் உள்ளே போட்டார்கள், சிற்றுண்டிச்சாலைக்காரரையும் சேர்த்து. இரண்டு கிழமைக்குள் பிணை வந்தது. சஹ்ரானைத் தேடிய வலையில் சுவரில் தொங்கிய படம் அகப்பட்டது. அதே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்தார்கள். கைது செய்தவருக்குச் சுக்கானும் சக்கரமும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

முஸ்லிம் அயலவரோடு எப்படி நடந்துகொண்டோம்?

ஒளிக்காமல் சொல்கிறேன். 2019 மே 13இல் குருநாகல், கம்பஹாப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்த மாதிரி இங்கே நடக்கவில்லை. ஆனால் இங்கே முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருப் பக்கம் தேடுதல் நடந்தபோது நாங்கள் வாய் திறந்தோமா? இல்லை. ‘இப்ப அவங்களுக்கு விளங்கும்’ என்று சொன்னவர்களையும் வாங்கில் கேட்டிருக்கிறேன். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் அந்தச் சனம் இந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டது, விரட்டியது புலிகள். இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து கூரை போட்டவர்கள் மறுபடி கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழும்பினார்கள். எனக்குத் தைக்கிற தையல்காரர் அந்த மே மாதம் முழுக்கக் கடையின் அரைக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். ‘என்ன நானா, வியாபாரம் இல்லையோ’ என்று கேட்டேன். ‘வெளிச்சம் இவ்வளவும் காணும் சேர்’ என்றார்.

வாட்ஸ்அப்பை முடக்கியது சரியா?

வதந்தி கலவரமாகும் என்று பயந்து முடக்கினார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெடியள் பத்து நிமிஷத்தில் வி.பி.என். போட்டுக்கொண்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தவித்தது வி.பி.என். தெரியாத தாய்மார்தான். ஏப்ரல் 30இல் திறந்து, மே மாதம் திரும்பவும் மூடினார்கள். மூடியிருந்தும் மே 13 கலவரம் பரவத்தான் செய்தது.

தெருவில் ஒரு பை கிடந்தால்?

தொடாதீர்கள். தள்ளி நின்று மற்றவர்களையும் தள்ளச் சொல்லிவிட்டு 119க்கு அடியுங்கள். படம் எடுத்து குரூப்பில் போடுவதைப் பிறகு பார்க்கலாம்.

பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ பதவி விலகினார், பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். இருவரையும் 2022 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்தது. 2023 ஜனவரி 12இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கில் வேறு மாதிரித் தீர்ப்புச் சொன்னது: சிறிசேன 10 கோடி ரூபா, பூஜிதவும் அப்போதைய அரச புலனாய்வுச் சேவைத் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு ஏழரைக் கோடி, ஹேமசிறி 5 கோடி, அப்போதைய தேசியப் புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ் ஒரு கோடி, அவரவர் சொந்தப் பணத்திலிருந்து. தகவல் கையில் இருந்தும் அசையாமல் இருந்ததற்கு இந்த நாட்டில் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் காசு கட்ட வேண்டி வந்தது. அந்தத் தீர்ப்பைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது எனக்கே குரல் கொஞ்சம் உயரும்.

பள்ளிக்கூட வாசல் சோதனை எப்போது நின்றது?

அவசரகாலச் சட்டம் மாதாமாதம் நீண்டு 2019 ஆகஸ்ட் 22இல் காலாவதியானது. பள்ளிக்கூடச் சோதனைக்கு அப்படி ஒரு திகதி கிடையாது.

தொடங்கிய விதம் ஞாபகம் இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைதான் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல, ரவுண் கடைகளில் அந்தப் பிளாஸ்ரிக் பை விலை ஏறியது. எங்கள் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றார் முறைபோட்டு வாசலில் நின்றோம். வகுப்பறை வாங்கு ஒன்றை வெளியே போட்டு, அதில் பைகளைத் திறந்து வைப்போம். என் முறைக்கு நான் கண்டது: வாழையிலையில் சுற்றிய புட்டு, போன கிழமை மறந்துபோன மாம்பழம், கொமிக்ஸ் புத்தகம், ஒரு பெட்டிக்குள் உயிரோடு பொன்வண்டு. கவராயம் கூரானது, உள்ளே விடலாமா என்று ஒரு தாய் கேட்டார். நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று யோசித்தோம். அன்று கேத்திரகணிதப் பாடம் இருக்கிறது என்று பிள்ளை சொன்ன பிறகு விட்டோம்.

முதல் மாதம் முறைக்கு ஆறு பேர் வந்தார்கள். பிறகு மூன்று. நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது வாசலில் யாரும் இல்லை. வாங்கை யாரோ திருப்பி வகுப்பறைக்குள் தூக்கி வைத்திருந்தார்கள்.